கல்சத்திரத்திலிருந்து ஓடிய மணப்பெண்

ஆலங்கோட்டையில் பழைய கல்கட்டடங்கள் மூன்று இருந்தன. நெற்களஞ்சியம் ஒரு மழைக்காலத்தில் மூன்று பேரை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பயந்துபோய், வரி கட்டும் அலுவலகமாக இருந்த கச்சேரிக்குப் பூட்டுப் போட்டார்கள். மிஞ்சியது சத்திரம், ஊரில் கல்யாணம் என்றால் அங்கேதான். அதன் சாவி பிச்சம்மாளிடம் இருந்தது.

சத்திரத்துக் கூரையைத் தாங்கும் உத்தரக் கல்லிலும் ஒரு விரிசல். கல்தச்சர் அடைக்கலம் அதன் குறுக்கே சுண்ணாம்புப் பட்டை ஒன்று பூசி, ஈரத்திலேயே ஆணியால் தேதியைக் கீறினார். "இது வெடிச்சா கல்லு அசையுதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு ஈ காக்காயைக்கூட உள்ள விடாதீங்கம்மா" என்றார். பிச்சம்மாள் தினமும் அண்ணாந்து பார்ப்பாள்.

தம்பி மகள் வடிவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. முதல்நாளே தம்பி ஆவுடையப்பன் சாவியை வாங்கிப் போனார். மறுநாள் காலை, இருநூறு பேர் உட்கார்ந்தபின் பிச்சம்மாள் அண்ணாந்தாள். பட்டை முழுசாக இருந்தது. தேதியைக் காணோம்.

தம்பியைத் தூணோரம் இழுத்தாள்.

"நேத்து லேசா வெடிச்சிருந்துச்சுக்கா. சமையல் தொடங்கியாச்சு, இனி எங்க போக? நான்தான் மேல பூசினேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, தாலி ஏறிரும்."

கத்தலாம். ஆனால் குனிந்து நுழையும் ஒற்றை வாசல். கூட்டம் பயந்து பாய்ந்தால் பிள்ளைகள் மிதிபட்டே சாகும். பிச்சம்மாள் மணப்பெண்ணின் காதில் விஷயத்தைச் சொன்னாள். வடிவு உத்தரத்தை ஒருமுறை பார்த்தாள்.

"நான் எந்திரிச்சு ஓடுதேன் அத்தை. வேடிக்கை பார்க்க எல்லாரும் வெளிய வந்துருவாக."

ஓடினாள். சத்திரமே காலியாகித் தெருவுக்கு வந்தது. பிச்சம்மாள் தம்பியிடமிருந்து சாவியைப் பிடுங்கிக் கதவைப் பூட்டிவிட்டு, தம்பி பூசியது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளையின் மாமா ஆவுடையப்பனைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அவர்.

மாமா சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "பட்டை முழுசாத்தானே இருக்கு? பொண்ணுக்கு இஷ்டமில்ல, கதை கட்டுதீக." மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறினார்கள். வடிவுக்கு ஓடுகாலி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒன்பதாம் நாள் புதுப்பட்டையும் வெடித்தது. வந்து பார்க்கத்தான் ஆளில்லை.

இனி நீங்கள் சொல்லுங்கள். வடிவின் வாழ்வைக் கெடுத்தது யார்? ஓடிய அவளேயா, ஓடவிட்ட அத்தையா, பூசிய அப்பனா?

விடை: அப்பன்தான், ஆனால் பூசியதற்காக அல்ல. கல்யாண அவசரத்தில் எந்தத் தகப்பனும் தடுமாறியிருப்பார். தெருவில் நின்றபோதோ உயிர்கள் எல்லாம் தப்பிவிட்டன, அவசரமும் இல்லை. "நான்தான் பூசினேன்" என்றிருந்தால் அவருடைய மானம் மட்டும் போயிருக்கும். அதைக் காப்பாற்ற மகளுடையதைக் கொடுத்தார்.