தள்ளிய கை

மங்கை டீச்சருக்கு ஐம்பது வயது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்த ஆசிரியப் பயிற்றுநர் நவநீதனுக்கு இருபத்தெட்டு. கடலை ஒட்டிய நடுநிலைப் பள்ளி அது. அறிவியல் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். இன்னும் பத்து நிமிடத்தில் மணி அடிக்கும், எட்டாம் வகுப்பு உள்ளே வந்துவிடும்.

மேசைமேல் ஒரு அகலத் தட்டு. அது நிறைய மைதாக் கூழ். கூழின் ஒரு பாதியில் தெர்மாகோல் பலகை, அது நிலம். அதன்மேல் ஐந்தாறு தீப்பெட்டி வீடுகள். மறுபாதியில் அதே அளவுக்கு வெட்டிய ரப்பர் பலகை. அது கடலின் தரை.

"முதல்ல ரெண்டையும் பசங்க கையில குடுத்துடுங்க. ஒரே அளவுதான், ஆனா எது கனம்னு அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம் தள்ளச் சொல்லுங்க. அடர்த்தி அதிகமானது அடியில போகும்."

"தெரியும் சார்."

"அப்போ தள்ளிக் காட்டுங்க."

தள்ளினாள். ரப்பர் நகர்ந்து நிலத்தின் விளிம்பைத் தொட்டதுமே இடது கை முந்திக்கொண்டு வந்து தெர்மாகோலைப் பிடித்தது. ரப்பர் அப்படியே நின்றுவிட்டது.

"மூணாவது தடவை, டீச்சர்."

"கை தானா போகுது, என்ன பண்ண?"

"இந்தச் சுனாமிப் பாடம் வந்தா மட்டும் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லிடுவீங்களாம்."

"யாரு சொன்னது? கோள்மூட்டிக் கழுதைங்க."

அவன் சிரிக்கவில்லை. வராந்தாவில் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். சுனாமி அன்னைக்கு யாரு டீச்சர் தள்ளினாங்கன்னு போன வருஷம் ஒருத்தி கேட்டா. உட்காருடின்னு அதட்டிட்டேன். இன்னைக்கும் எவளாவது கேப்பா. என்ன சொல்ல?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவள் ஒரு தீப்பெட்டியை நேராக்கி வைத்தாள்.

"அன்னைக்கு எம் பொண்ணுக்கு எட்டு வயசு. ஞாயித்துக்கிழமை, உட்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. கரைக்குப் போயி மீன் வாங்கிட்டு வாடின்னேன். மாட்டேன்னா. முதுகுல கைவெச்சுத் தள்ளி அனுப்பினேன்."

நவநீதன் ரப்பர் பலகையைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தான்.

"இடது கையைப் பின்னால வெச்சுக்கங்க. ஒரு கையால தள்ளுங்க."

"நகரல சார்."

"விளிம்புல உப்புத்தாள் ஒட்டியிருக்கேன், அப்படித்தான் கவ்வும். தள்ளுங்க."

ரப்பர் வளைந்தது. நிலத்தின் விளிம்பையும் கவ்விக்கொண்டு மெல்ல அடியில் இறங்கியது. வீடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"போதும் சார்."

"தள்ளுங்க."

பின்னால் இருந்த கை முந்தானையை இறுக்கிப் பிடித்தது. அவள் தள்ளினாள்.

சடக்கென்று விளிம்பு விடுபட்டு மேலே துள்ளியது. கூழ் எழும்பித் தட்டுக்கு வெளியே தெறித்தது. வீடுகள் சரிந்தன. ஒன்று தரையில் போய் விழுந்தது.

மணி அடித்தது. கதவை யாரோ தட்டினார்கள்.

மங்கை டீச்சர் கூழ் அப்பிய கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"பாத்தீங்கல்ல? நான்தான் தள்ளினேன்."

நவநீதன் குனிந்து தீப்பெட்டியை எடுத்தான். சட்டை நுனியால் துடைத்து அந்தக் கையிலேயே வைத்தான்.

"மாடல்ல மட்டும்தான் தள்ள ஒரு கை வேணும், டீச்சர்."