சதுப்பை வடித்த கருமந்தி

மேகங்கள் தரையில் இறங்கி நடக்கும் உயரத்தில் ஒரு காடு இருந்தது. மலை முகடுகளில் புல்வெளி. மலை மடிப்புகளில் இருண்ட சோலை. இரண்டு சோலைகளுக்கு நடுவே, பள்ளத்தின் அடியில், ஒரு சதுப்பு. அங்கே தண்ணீர் ஓடாது, தூங்கும். அதன்மேல் படுத்துக்கொண்டு மூடுபனியும் தூங்கும்.

கிழக்குச் சோலையில் ஒரு கருமந்தி தன் குட்டியோடு வாழ்ந்தது. மரங்களைப் பற்றி அதற்குத் தீராத பெருமை. "மரம்தான் காடு. மற்றதெல்லாம் வெறும் இடம்" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லும்.

சதுப்பின்மேல் அதற்குக் கோபமும் உண்டு. மேற்குச் சோலையில் கொழுந்து துளிர்க்கும்போது அங்கே போக வேண்டுமானால், குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அந்தச் சேற்றைத் தாண்ட வேண்டும். பிடித்துத் தாவ ஒரு கிளை கிடையாது. சிறுத்தை வந்தால் ஏறிக்கொள்ள ஒரு மரம் கிடையாது.

ஒரு பனிக்காலக் காலையில், சதுப்பின் ஓரத்தில் ஒரு பறவை சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. வடக்கே வெகு தொலைவிலிருந்து வரும் உள்ளான் அது. நீண்ட அலகு. தூக்கம் கலையாத பெரிய கண்கள்.

"இந்தச் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கருமந்தி கேட்டது.

"புழு இருக்கிறது. அதற்குக் கீழே இலைகள் இருக்கின்றன" என்றது உள்ளான். "என்றோ உதிர்ந்த இலைகள், என்றோ சாய்ந்த புற்கள். இன்னும் மக்கவில்லை. அலகால் தொட்டால் நரம்புகூடத் தெரிகிறது."

"செத்த இலையில் என்ன பெருமை? என் மரத்தைப் பார். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் கரியை இலைகளால் குடித்துக் குடித்தே இத்தனை பெரிதாகியிருக்கிறது. உன் சேறு எதைச் சேர்த்து வைத்தது?"

உள்ளான் கண்களை மூடிக்கொண்டு, கனவில் பேசுவதுபோல் மெல்லப் பேசியது.

"பறந்து வரும் வழியில் பல நிலங்களைப் பார்க்கிறேன், மந்தியக்கா. என் ஊரில் மண்ணே உறைந்து கிடக்கும். அங்கே உதிர்ந்ததெல்லாம் பனிக்கட்டிக்குள் அப்படியே இருக்கிறது. மலைக்குக் கீழே உள்ள வெப்பக் காட்டில் இலை விழுந்தால் சீக்கிரமே மக்கி, அதன் கரி காற்றுக்கே திரும்பிவிடுகிறது. அங்கே மரங்கள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. புல்வெளியில் வேருக்கும் மண்ணுக்கும் இடையே அது ஒளிந்திருக்கிறது. இங்கேயோ தண்ணீர் போர்த்தி வைத்திருக்கிறது. இந்தப் போர்வையை மட்டும் யாரும் விலக்கிவிடக் கூடாது."

"தூக்கத்தில் உளறுகிறாய்" என்று சிரித்துவிட்டுக் கருமந்தி கிளையேறிப் போயிற்று.

ஆனால் போர்வை என்ற சொல் அதன் மனத்தில் தங்கிவிட்டது. தண்ணீரை விலக்கினால் தரை காயும். தரை காய்ந்தால் மரம் முளைக்கும். மரம் முளைத்தால் என் குட்டி கிளைக்குக் கிளை தாவியே மேற்குச் சோலைக்குப் போகலாமே!

கருமந்திக்கு மண் தோண்டத் தெரியாது. தின்பதைத் தவிர வேறொன்றையும் நினைக்காத காட்டுப்பன்றியிடம் போயிற்று.

"பன்றியண்ணா, சதுப்பின் கீழ்க்கோடியில் ஒரு மண்மேடு தண்ணீரைத் தடுத்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கடியில் என் குட்டியின் தலையளவு கிழங்குகள் இருக்கின்றன!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மரத்தின் உச்சியிலிருந்து பார்க்கும் எனக்குத் தெரியாதா?"

உச்சியிலிருந்து பார்த்தால் மண்ணுக்கடியில் இருப்பது எப்படித் தெரியும் என்று பன்றி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குள் அதன் வாயில் எச்சில் ஊறிவிட்டது.

பன்றி மூக்கால் முட்டி முட்டித் தோண்டியது. பாறைமேல் நின்ற வரையாடு பதறிப்போய்க் கூப்பிட்டது. எதற்கும் முன்னெச்சரிக்கை அதற்கு.

"அண்ணே, தண்ணீர் வழிகிறது! நிறுத்துங்கள்!"

"கிழங்கு வரட்டும், நிறுத்துகிறேன்" என்றது பன்றி.

கிழங்கு வரவில்லை. தண்ணீர்தான் போயிற்று. தூங்கிக்கொண்டிருந்த தண்ணீர் கண் விழித்து, பன்றி தோண்டிய வாய்க்கால் வழியே சலசலத்து, மலையிறங்கி மறைந்தது.

சேறு இறுகியது. "என் அலகு இறங்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளான் வழக்கமான காலத்துக்கு முன்பே வடக்கே பறந்தது.

கருமந்திக்கோ ஆனந்தம். சோலையிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து காய்ந்த தரையெங்கும் இறைத்தது. சில முளைத்தன. ஒவ்வொரு முளையையும் குட்டிக்குக் காட்டி, "நீ பெரியவனானதும் இதில்தான் தாவுவாய்" என்றது.

கோடை வந்தது. மழையில்லாத இடி ஒன்று முகட்டில் விழுந்து, புல்வெளி பற்றிக்கொண்டது. தீ காற்றோடு ஓடியது. ஈரமான சோலையின் விளிம்பைத் தொட்டதும் அடங்கிப்போயிற்று. காற்றில் பறந்த ஒரு பொறி காய்ந்த சதுப்பில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

"புல் போய்விட்டதே" என்று பன்றி அங்கலாய்த்தது.

"மேலே உள்ளதுதான் போயிற்று. வேர் உயிரோடு இருக்கிறது. மழை பெய்தால் எழுந்துவிடும்" என்றது வரையாடு.

மறுநாள் காலை சதுப்பின்மேல் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. "பனி திரும்பி வந்துவிட்டது!" என்று கருமந்தி மகிழ்ந்தது. வெயில் ஏறியது. பனி கலையவில்லை. அது கண்ணைக் கரித்தது. குட்டி இருமியது.

அந்த வழியாக வந்த பன்றி துள்ளிக் குதித்தது. "ஐயோ, என் கால்! தரைக்குள்ளே தீ!"

எங்கும் சுடர் இல்லை, சத்தமும் இல்லை. தண்ணீர் போர்த்தி வைத்திருந்த பழைய இலைகள் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டிருந்தன. நாளுக்கு நாள் கனல் ஊர்ந்தது. முளைகள் கருகின. காலங்காலமாக உறங்கிக்கிடந்த கரியெல்லாம் புகையாகி, வளைந்து வளைந்து மேலே ஏறி, வானத்தில் கரைந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

கனல் கிழக்குச் சோலையின் வேர்களுக்கு அடியில் புகுந்தது. ஒரு நண்பகலில், காற்றே இல்லாத வேளையில், கருமந்தி இருந்த மரம் மெதுவாகச் சாய்ந்தது. கருமந்தி தாவியது. தாவும்போது குட்டி கை நழுவிப் புகைக்குள் விழுந்தது.

சூட்டையும் பார்க்காமல் கருமந்தி இறங்கித் தேடி எடுத்தது. குட்டி கண்ணைத் திறக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வரையாடு நின்ற பாறைக்கு ஓடியது. முகத்தில் ஊதியது, மார்பைத் தடவியது. வரையாடும் பன்றியும் மூச்சுவிடாமல் நின்றன. வெகுநேரம் கழித்துக் குட்டி ஒருமுறை இருமியது. பிறகு அழுதது.

கருமந்தியும் அழுதது. "கிழங்கே இல்லை, பன்றியண்ணா. நான் பொய் சொன்னேன்."

பன்றி வாய்க்கால் பக்கம் திரும்பியது. "யோசிக்காமல் தோண்டியவன் நான்தானே" என்றது. "திட்டுவதற்குப் பிறகு நேரமிருக்கிறது. வாய்க்காலை இப்போதே அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வரப்போகும் மழையும் அதன் வழியே ஓடிவிடும்."

பன்றி மண்ணைத் தள்ளியது. வரையாடு சரிவிலிருந்து கற்களை உருட்டிவிட்டது. கருமந்தி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, விழுந்த தன் மரத்தின் கிளைகளை ஒடித்து இழுத்துவந்து செருகியது. மண்மேடு மறுபடியும் எழுந்தது.

மழை வந்தது. சதுப்பு முழுவதும் சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. தண்ணீர் தேங்கியது. ஒரு விடியலில் புகை நின்றிருந்தது. முகடுகளில் புல் பச்சையாக எழுந்தது. சதுப்பு மட்டும் எழவில்லை. எரிந்த இடமெல்லாம் உள்ளே போய், வெறும் பள்ளமாகக் கிடந்தது.

அடுத்த பனிக்காலத்தில் உள்ளான் வந்தது. தெரியாத ஊருக்கு வந்ததுபோல் நெடுநேரம் சுற்றிப் பறந்தது. தீ எட்டாத ஒரு மூலையில் மட்டும் அதன் அலகு சேற்றில் இறங்கியது.

கருமந்தி குட்டியோடு வந்து மண்மேட்டில் உட்கார்ந்தது. "எரிந்துபோனதெல்லாம் எப்போது திரும்பி வரும்?"

"வரும், அக்கா. இந்த வருடம் புல் சாய்ந்து கொஞ்சம் சேரும். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம்."

"என் குட்டி பார்க்குமா?"

"பார்க்காது. அதன் குட்டியும் பார்க்காது. அதற்கும் பின்னால் வருகிற யாரோ பார்ப்பார்கள்."

பக்கத்தில் குட்டி, மேட்டு மண்ணைக் கிள்ளி எடுத்து விளையாடிக்கொண்டிருந்தது. கருமந்தி அதன் விரல்களை மெல்லப் பிரித்து, அந்தப் பிடி மண்ணை எடுத்த இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்தியது.

நீதி: ஓர் இடம் எதைக் காத்து வைத்திருக்கிறது என்று அறியாமல் அதைக் கலைக்காதே, சேர நெடுங்காலம் ஆனது அழிய ஒரு கோடை போதும்.