வெற்று வானம் எரிந்த அரை மணி

ஒன்றுமே இல்லாத வானம் நட்சத்திரத்தைவிட அதிகமாக எரிந்திருக்கிறது. பூங்கோதை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள். நட்சத்திரத்துப் பக்கம் இருநூற்றுப் பத்து. வெற்று வானத்துப் பக்கம் முந்நூற்றுத் தொண்ணூறு. 

விஷயம் இதுதான். ஒரு ஜோடி நட்சத்திரம். ஒன்று பெரியது, நீலம். மற்றது செத்துச் சுருங்கின குட்டி. குட்டி பெரியதைச் சுற்றுகிறது. பதினோரு வருடத்துக்கு ஒருமுறை உரசுகிற மாதிரி கிட்டே வரும். அப்போது காமா கதிர் கிளம்பும் என்பது பூங்கோதையின் கணக்கு. அதற்காக ஆறு வருடம் கரடிமொட்டை மலையில் குளிரில் கிடந்தாள். அந்தக் கதிர் தரைக்கு வராது. மேலே காற்றில் மோதி நீலமாக ஒரு மின்னு மின்னும். தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி அந்த மின்னலைப் பிடித்து எண்ணும்.

வேறு காரணத்தால் வருகிற மின்னலும் உண்டு. அதைக் கழிக்க ஒரு வழக்கம்: அரை மணி ஜோடியைப் பார், அடுத்த அரை மணி பக்கத்திலுள்ள வெற்று வானத்தைப் பார். வெற்று வானம் எந்த இரவும் இருநூற்றுப் பத்தைத் தாண்டியதில்லை. எண்களுக்குத் தலைப்பு எழுதுவது கணினி. அது கடிகாரத்தைப் பார்த்து எழுதும்: பன்னிரண்டரைக்கு ‘ஜோடி’, ஒரு மணிக்கு ‘வெற்று’.

கண்ணாடி இருபது டன். நட்சத்திரத்தோடு மெல்ல நகரும்போது ஒன்றும் தெரியாது. வேறு இடத்துக்குத் திரும்பினால் கட்டுப்பாட்டு அறையின் தகரக் கூரையே உதறும். மேசையில் இருக்கிற டீ தளும்பிப் பதிவேட்டில் கொட்டும். டீக் கறை இல்லாத பக்கமே அதில் கிடையாது.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, விளிம்பு முட்ட ஊற்றின டம்ளரைப் பதிவேட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பூங்கோதை அடுத்த கட்டடத்துக்கு ஓடினாள். ஒன்றரைக்கு வந்து, விளிம்பு முட்டவே இருந்த டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, ஆறினதை ஒரே மடக்காகக் குடித்தாள். அதோடு மூடுபனி இறங்கிற்று. காலையில் மழை. இனி இங்கிருந்து பார்க்க முடியாது. பத்து மணிக்குள் வானத்தில் எரிந்த இடத்தைச் சொன்னால் வேறு நாட்டுக்காரர்கள் தங்கள் கண்ணாடியைத் திருப்புவார்கள். விட்டால் பதினோரு வருடம்.

“மிஷின் கோளாறும்மா. தூக்கிக் குப்பையில போடு,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் அருளானந்தம்.

“காலையில விளக்கு வச்சு சோதிச்சேன் சார். ஒரு எண்ணுகூடப் பிசகலை.”

“அப்போ வெறும் வானத்துல என்ன, பேயா உட்கார்ந்திருக்கு?”

“புதுசா ஏதோ இருக்கு சார். வெற்றுன்னு பேர் வச்சது நாமதானே?”

“அனுப்பு, தாராளமா அனுப்பு. உலகமே திரும்பிப் பார்த்து ஒண்ணுமில்லைன்னா, உன் பேரைச் சொல்லித்தான் சிரிப்பாங்க.”

பிறகு கண்ணாடியை ஓட்டுகிற இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார். சொன்ன நேரத்துக்குத் திருப்பாதவனை மலையை விட்டே இறக்கிவிடுவேன் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

“ஒரு மணிக்குத் திருப்பினீரா?”

“திருப்பிட்டேன் சார். கையெழுத்துப் போட்ருக்கேம்லா.” பதிவேட்டை விரித்துக் காட்டினார். பளிச்சென்ற வெள்ளைப் பக்கத்தில் ‘திருப்பியாச்சு’ என்று எழுதிக் கையெழுத்து. பூங்கோதையின் முகத்தைப் பார்க்காமலே, “யம்மா, சூடா டீ போடட்டா?” என்றார்.

மணி ஒன்பது ஐம்பது. மிஷின் கெட்டது என்கிறார் ஒருவர். வெற்று வானத்தில் புதுசாக ஒன்று இருக்கிறது என்கிறாள் ஒருத்தி. சொன்னபடி திருப்பினேன் என்கிறார் மூன்றாமவர். இதில் யார் சொல்வது சரி? பூங்கோதை எந்த இடத்தை அனுப்ப வேண்டும்?

விடை: மூன்று பேரும் சொன்னது தப்பு. கறை இல்லாத பக்கத்தைப் பார்த்ததும் பூங்கோதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் விரலைப் பார்த்தாள். இருபது டன் திரும்பியிருந்தால் அந்த ஆடை கிழியாமல் இருந்திருக்குமா? விளிம்பு முட்ட இருந்த டீ சிந்தாமல் இருந்திருக்குமா? கண்ணாடி அந்த ஒரு மணி நேரமும் ஜோடியைத்தான் பார்த்திருக்கிறது. முதல் அரை மணி ஜோடி தூங்கியது. அடுத்த அரை மணி எரிந்தது; கடிகாரத்தை மட்டும் பார்த்த கணினி அதற்கு ‘வெற்று’ என்று தலைப்பு எழுதிவிட்டது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஜோடியின் இடத்தையே அனுப்பினாள். “எண்ணிக்கை கடகடன்னு ஏறுச்சு யம்மா. அப்பதான் முழிச்சுது. முகத்தைத் திருப்ப மனசு வரலை,” என்றார் இசக்கிமுத்து. பொய்க் கையெழுத்து தப்புதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் பதினோரு வருடத்தைக் காப்பாற்றினது அவர் கை. ஒரு மணிக்குத் திருப்பு என்று அந்தக் கைக்குச் சொல்லியிருந்தார்கள். அது திருப்பவில்லை.