தடுப்பூசி அட்டையில் யார் பெயர்?

ஒரு நாய், ஒரு மாத்திரை, மூன்று மனிதர்கள். கதை இவ்வளவுதான். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். விடை சொன்னால் பரிசு கிடையாது. சொல்லாவிட்டால் யார் தலையும் வெடிக்காது. ஆனாலும் காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய் நார் மில். அங்கே களத்தில் நார்த்தூளைப் பரப்பிக் காயவைப்பது பழனாத்தாளின் வேலை. இருபது வருஷம் மட்டை அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் டிராக்டர் வந்தாலும் தெரியாது. மில்லில் வளரும் செவலை என்ற நாய்க்கு அது தெரிந்திருந்தது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்ததுமே ஓடிப்போய் அவள் சேலையைக் கவ்வி இழுத்து ஓரமாக நிறுத்திவிடும். யாரும் பழக்கவில்லை, அதுவாகக் கற்றுக்கொண்டது. அந்த அறிவை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

மழை முடிந்த சமயம் செவலைக்கு உண்ணி பிடித்தது. காதுமடலில் இடமில்லாமல் அப்பிக் கிடந்தன. ஒரு நாள், வேலைக்கு வந்த பெண்ணொருத்தியின் கைக்குழந்தை கழுத்திலும் ஓர் உண்ணி. முதலாளி குமரவேல் எல்லாரையும் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை காலையில நானே நாயைப் பார்ப்பேன். உசுரோட ஒரு உண்ணி இருந்தாலும் நாயை அனுப்பிருவேன். நாய் இல்லாம பழனாத்தாளும் களத்துல இறங்கக் கூடாது. வண்டி ஏறிப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

கறாரான மனுஷன்தான், ஆனால் சொன்னதில் தப்பில்லை. பழனாத்தாளுக்கு அங்கே வேறு வேலையும் கிடையாது. போகிற போக்கில் முதலாளி இன்னொன்றும் சொன்னார். செவலையின் தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடம் நான்கு வருஷமாகக் காலி. உண்ணியை ஒழிக்கிறவர் பெயரை அங்கே எழுதலாம். அந்தப் பெருமைக்கு ஆசைப்படாதவர் மில்லில் யாருமில்லை.

முதலில் கிளம்பியவன் டிராக்டர் ஓட்டும் மயில்சாமி. செவலை இல்லாத களத்தில் வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டேன் என்று சொன்ன நல்ல மனசுக்காரன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைக்கில் டவுனுக்குப் போய்க் கால்நடை மருந்துக் கடையில் நின்றான். எடை எவ்வளவு, தண்ணீரில் இறங்குமா, வீட்டில் பூனை உண்டா என்று கடைக்காரர் கேட்டார். "பதினஞ்சு கிலோ இருக்கும். மத்ததெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றான் அவசரத்தில். தினமும் நார்க்கட்டைத் தூக்குகிற கை அது. நாயின் கனம் அவ்வளவுதான் என்று அந்தக் கைக்குப் பட்டது. கழுத்தில் விடும் சொட்டு மருந்தோடு திரும்பினான்.

செவலையின் கழுத்து ரோமத்தை விலக்கி மருந்தைப் பிதுக்கப் போனவன் கையைப் பழனாத்தாள் பிடித்துக்கொண்டாள். காது போனாலும் கண் போகவில்லையே! மருந்துப் பெட்டியின் மூலையில் ஒரு பூனைப் படம். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. மில்லில் எடை போடும் நாச்சிமுத்து பெட்டியை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பூனைக்கு ஆகாது. இரண்டு நாள் நனையக் கூடாது.

செவலையோ மத்தியான வெயிலுக்கு மட்டை ஊறும் தொட்டியில் விழுந்து நீந்தும். மில் பூனை தன் மூன்று குட்டிகளோடு செவலையின் வயிற்றில் ஒட்டிப் படுத்து, அதன் கழுத்தை நக்கிக்கொண்டிருக்கும்.

"இது வேண்டாம் மயிலு. பூனை செத்துப்போகும்" என்றாள் பழனாத்தாள்.

மயில்சாமி அவள் காதருகே குனிந்து கத்தினான். "அக்கா, கடை மூடிட்டாங்க. நாளைக்கு வேற மருந்து கிடைக்காட்டி? நாய் போயிரும், உன் வேலையும் போயிரும்!"

"போனாப் போகட்டும். அந்தப் பூனை என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் காலை நாச்சிமுத்து தன் தராசை எடுத்தார். செவலை அதன் மேல் நிற்க மறுத்தது. மனுஷன் அசரவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார், பிறகு தனியாக ஏறினார், கழித்துப் பார்த்தார். இருபத்தொன்றரை கிலோ! அந்த எடையோடு மயில்சாமி மறுபடியும் டவுனுக்குப் போனான். நேற்றுக் கடையில் சொன்னது தப்பு என்று கால்நடை டாக்டரிடம் கூச்சப்படாமல் ஒப்புக்கொண்டான். நாயின் தினப்படி நடப்பு முழுவதையும் கேட்டுவிட்டு டாக்டர் மாத்திரை எழுதினார். வயிற்றுக்குள் போகிற மருந்து. நீந்தினாலும் கழுவிப் போகாது, நக்குகிற பூனைக்கும் கெடுதல் இல்லை. இருபது கிலோவைத் தாண்டியதால் அடுத்த அளவு. மாதம் ஒரு முறை கொடுக்க வேண்டும். அவன் வருவதற்குள் பழனாத்தாள் செவலை படுக்கும் சாக்குகளையெல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் விரித்திருந்தாள். செவலை அன்றைக்கே மாத்திரையை விழுங்கியது.

திங்கட்கிழமை முதலாளி செவலையைக் காது முதல் வால் வரை துழாவினார். உயிருள்ள உண்ணி ஒன்றும் அகப்படவில்லை. அட்டையையும் பேனாவையும் எடுத்தார்.

"ரெண்டு தடவை அலைஞ்சு வாங்கிட்டு வந்தது நானுங்க" என்றான் மயில்சாமி.

"எடை தெரியாட்டி மாத்திரை அளவு தப்பியிருக்குமுங்க" என்றார் நாச்சிமுத்து.

பழனாத்தாள் செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். சொல்லுங்கள், அட்டையில் எழுதத் தகுந்த பெயர் யாருடையது?

விடை: என் தீர்ப்பு பழனாத்தாளுக்கே. நாச்சிமுத்து தனக்குத் தெரிந்த தொழிலைச் சுத்தமாகச் செய்தார். மயில்சாமி தன் தப்பைத் தானே திருத்தினான், அதுவும் எல்லாராலும் முடியாது. ஆனால் இருவருக்கும் தோற்றால் போவதற்கு ஒன்றுமில்லை. தன் பிழைப்பே போய்விடும் என்று தெரிந்தும், தனக்குச் சொந்தமில்லாத ஒரு பூனைக்காக மருந்தைத் தடுத்தவள் அவள் ஒருத்திதான். முதலாளியும் அவள் பெயரைத்தான் எழுதப் போனார். அவள் விடவில்லை. "மயிலு பேரைப் போடுங்க. மாசாமாசம் மாத்திரை வாங்கப் பைக்குல போறவன் அவந்தானுங்க. பேரு இருந்தா மறக்க மாட்டான்" என்றாள்.