அம்மனுக்கு ஒரு பிடி விதை

கொட்டாவி விடுகிறவர்கள் பின்னால் போய் உட்காருங்கள். இது கொட்டாவிக்காரர்களுக்குச் சொல்கிற கதை இல்லை. ராசாவே வந்து முறைத்தும் "மாட்டேன்" என்று நின்ற ஒருத்தியின் கதை.

ஆற்றுக்குப் பெயர் வைக்கும் முன்பே ஆற்றுக்குத் திருநாள் வைத்துவிட்ட காலம் அது. அந்தக் காலத்தில் கல்நாடு என்று ஒரு நாடு. அதற்குத் தண்டகேது என்று ஒரு ராசா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கொள்ளையடிக்கவில்லை, குடிக்கவில்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். ஆனால் ராசா அவசரப்பட்டால் நாட்டுக்கே மூச்சு வாங்கும், தெரியுமா?

அவருக்கு ஓர் ஆசை. நாட்டின் தானியம் மொத்தமும் அடங்குகிற மாதிரி பெரிய களஞ்சியம் ஒன்று கட்ட வேண்டும். எந்த ராசாவும் கட்டாததை ஒரே வருசத்தில் கட்டிவிட வேண்டும்.

தை மாதம் வேலையைப் பார்க்க வந்தார். கல் இருந்தது, கல்தச்சர்கள் இல்லை. "எங்கே போனார்கள்?" என்றார். "பொங்கல் ராசா, பானை வைக்கப் போயிட்டாங்க" என்றான் காவல்காரன்.

பங்குனியில் வந்தார். சுண்ணாம்பு இருந்தது, அரைக்கிறவர்கள் இல்லை. "எங்கே போனார்கள்?" என்றார். "உத்திரம் ராசா, காவடி எடுக்கப் போயிட்டாங்க."

சித்திரையில் வந்தார். வண்டி இருந்தது, வண்டிக்காரர்கள் இல்லை. "இப்போது எங்கே?" என்று கத்தினார். "தேர் ராசா, வடம் பிடிக்கப் போயிட்டாங்க." சொன்ன காவல்காரனும் ஒரு கண்ணைத் தேர்ப் பக்கமே வைத்திருந்தான், பாவம்.

ராசாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்கே ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொன்னார்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! இனிமேல் போகி இல்லை, பொங்கல் இல்லை. உத்திரம் இல்லை, தேர் இல்லை. ஆடிப் பெருக்கு இல்லை, ஆயுத பூசை இல்லை, கார்த்திகை விளக்கும் இல்லை. வருசத்தில் எல்லா நாளும் ஒரே நாள். எல்லா நாளும் வேலை நாள். மீறுகிறவர்களுக்கு இருட்டறை!"

கோயில் கதவு சாத்தப்பட்டது. தேரைச் சுற்றி வேலி போட்டார்கள். மூன்று மாத வேலை ஒரே மாதத்தில் முடிந்தது, அதை மறுக்க முடியாது. வைகாசியில் களஞ்சியம் எழுந்து நின்றது.

கொத்தனார்களுக்குத் தலைவர் குப்பாண்டி. அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ராசா, சுவர்ச் சாந்து இன்னும் ஈரம். ஒரு மாசம் காய விடணும்."

"சுவருக்கும் திருநாளா?" என்று ராசா சிரித்தார். பக்கத்தில் நின்ற மந்திரிமாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் வேலை போய்விடுமே!

பிறகு இரண்டாவது ஆணை வந்தது. இனி அவரவர் இஷ்டத்துக்கு நல்ல நாள் பார்த்து விதைக்கக் கூடாது. நாட்டில் உள்ள விதை முழுவதும் களஞ்சியத்துக்கு வர வேண்டும். ராசா சொல்கிற நாளில், ராசா கொடுக்கிற விதையை, எல்லாரும் விதைக்க வேண்டும். ஒரு மணி விதைகூட வீட்டில் இருக்கக் கூடாது.

வீடு வீடாகச் சேவகர்கள் போனார்கள். தானியக் குதிர்களைக் கவிழ்த்தார்கள், பானையைத் தட்டினார்கள். சோளம், கம்பு, பயறு, மொச்சை எல்லாம் வண்டி வண்டியாகப் போய் அந்த ஈரச் சுவருக்குள் அடைந்தன.

இப்போதுதான் நம்ம ஆள் வருகிறாள். நிமிர்ந்து உட்காருங்கள்.

வேம்பனூரில் சிலம்பாயி என்று ஒருத்தி. சொந்தமாக ஒரு துண்டு நிலம், இரண்டு மாடு, யாருக்கும் பயப்படாத ஒரு வாய். ஆனிக் கடைசியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிறவள் அவள்தான். முளைப்பாரி தெரியும் இல்லையா? ஒவ்வொரு வீடும் தன் விதையில் அம்மனுக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கும். அதை எரு பரப்பிய ஓட்டில் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, ஒன்பது நாள் பாடி வளர்ப்பார்கள். பிறகு தலையில் சுமந்து போய் ஆற்றில் விடுவார்கள்.

அந்த வருசம் ஆனிக் கடைசி வந்தது. சிலம்பாயி கோயில் பக்கத்து அறையில் முளைப்பாரி ஓடு வைத்தாள். சேவகர்கள் வந்து உடைத்தார்கள். மறுநாள் ஆற்றங்கரைக் குடிசையில் வைத்தாள். அதையும் உடைத்தார்கள். மூன்றாம் நாள் நடுத்தெருவில் கூடையைக் கவிழ்த்து, அதற்குள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, உனக்கு உயிர்மேல ஆசை இல்லையா?" என்றான் ஒரு சேவகன்.

"இருக்கு. அதான் வைக்கிறேன்" என்றாள்.

இழுத்துக்கொண்டு போய் ராசா முன்னால் நிறுத்தினார்கள்.

"விதையெல்லாம் களஞ்சியத்தில் இருக்கிறது. உனக்கு மட்டும் ஏது விதை?" என்றார் ராசா.

சிலம்பாயி முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "அம்மனுக்கு எடுத்து வச்ச பிடி. அது என்னோடது இல்ல. என்னோடது இல்லாததை உங்களுக்கு எப்படிக் கொடுப்பேன்?"

"திமிரைப் பார்! ஒரு பிடி விதைக்காகச் சிறைக்குப் போவாயா?"

"ராசா, அம்மனுக்கு வைக்கிற முளைப்பாரிதான் எங்களுக்கும் கண்ணு. எந்த விதை பிழைக்கும், எது சாகும்னு விதைக்கிறதுக்கு முன்னாடி அதுதான் சொல்லும். உங்க களஞ்சிய விதையை யார் முளைக்கப் போட்டுப் பார்த்தா? அது சொத்தையா இருந்தா நாடே ஒரு வருசம் பட்டினி. நான் முளைப்பாரி போடத்தான் செய்வேன். என்ன வேணா பண்ணிக்குங்க."

ராசாவின் முகம் சிவந்தது.

"இவளை இருட்டறையில் போடுங்கள்! சூரியனையே பார்க்கக் கூடாது!"

சிலம்பாயி என்ன செய்தாள் தெரியுமா? அழுதாளா? காலில் விழுந்தாளா? சிரித்தாள்!

"நல்லதாப் போச்சு ராசா. முளைப்பாரிக்கு இருட்டுதான் வேணும். மூணு ஓடு மட்டும் கொடுங்க. ஒண்ணுல களஞ்சியத்துக் கிழக்கு மூலை விதை, ஒண்ணுல மேற்கு மூலை விதை, ஒண்ணுல என் முந்தானை விதை. ஒரே எரு, ஒரே தண்ணி, ஒரே பாட்டு. ஒன்பதாம் நாள் நீங்களே வந்து பாருங்க. உங்க விதை முளைச்சிருந்தா நான் சாகுற வரைக்கும் இங்கேயே கிடக்கிறேன்."

ராசா வீம்புக்காரர் இல்லையா, சரி என்றுவிட்டார்.

ஒன்பது நாள். இருட்டறைக்குள்ளிருந்து பாட்டு வந்தது. முதல் நாள் சிறைக் காவலன் அதட்டினான். மூன்றாம் நாள் சும்மா இருந்தான். ஆறாம் நாள் தானாகவே இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் உள்ளே குலவை போட்டால், மதிலுக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் பதில் குலவை போட்டார்கள். யாரைப் பிடிப்பது? குலவைக்கு முகம் உண்டா?

ஒன்பதாம் நாள் ராசா மந்திரிமாரோடு வந்தார். கதவு திறந்தது.

முந்தானை விதை ஒரு சாண் உயரத்துக்கு, பொன் நிறத்தில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கிழக்கு மூலை விதையில் ஒன்றுமே இல்லை. மேற்கு மூலை விதையில் பூஞ்சை மட்டும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

ராசா ஓடினார். ஆமாம், ராசாதான், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். களஞ்சியக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. கையை விட்டுப் பார்த்தார். விதை சூடாக, பிசுபிசு என்று ஒட்டியது. சுவரின் ஈரம் முழுவதையும் விதை குடித்திருந்தது. வாசலில் நின்ற குப்பாண்டி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

விதைப்புக்கு இன்னும் பத்து நாள். நாட்டில் விதை இல்லை. தண்டகேது களஞ்சியப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் கையாலேயே என் ஜனங்களைக் கொன்றுவிட்டேனே" என்று விம்மினார். "சிலம்பாயி, இனி விதைக்கு எங்கே போவேன்?"

திறந்த இருட்டறையிலிருந்து சிலம்பாயியும் அவர் பின்னாலேயே வந்திருந்தாள். தெருவுக்கு வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு குலவை போட்டாள்.

தெருவில் ஒரு கதவு திறந்தது. ஒருத்தி வந்தாள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ராசா முன்னால் ஒரு பிடி கம்பைக் கொட்டினாள். அடுத்தவள் வந்தாள், ஒரு பிடி பயறு. அதற்கடுத்தவள், ஒரு பிடி மொச்சை. செய்தி பரவப் பரவ, பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்று நாள் வந்தார்கள். படி மறைந்தது, முற்றம் மறைந்தது, குவியல் ஆள் உயரத்துக்கு ஏறியது.

ராசா எழுந்து நின்றார். "ஒரு மணி விதைகூட வீட்டில் இருக்கக் கூடாது என்றேனே! நாட்டில் எத்தனை வீடுகள் என் ஆணையை மீறின?"

"எல்லா வீடும்" என்றாள் சிலம்பாயி. "அம்மன் பிடியை ஒருத்திகூடக் கொடுக்கல ராசா. உங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு எல்லாரும் செத்திருப்போம்."

ராசா அந்தக் குவியலையே பார்த்தார். பிறகு, "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். சத்தம் வராத குரலில்தான் கேட்டார்.

"குனியுங்க" என்றாள்.

ராசா குனிந்தார். சிலம்பாயி அவர் கிரீடத்தைக் கழற்றி மந்திரி கையில் கொடுத்துவிட்டு, இருட்டறையில் வளர்ந்த முளைப்பாரியை அவர் தலையில் ஏற்றினாள். ஆற்றங்கரை வரைக்கும் அவரை நடக்க வைத்தாள். முன்னால் மேளம், பின்னால் நாடு. கழுத்து வலிக்கிறது என்று ராசா நடுவில் முனகினார். "எங்களுக்கும்தான் வலிச்சது, நடங்க" என்றாள்.

அந்த வருசம் அரை வயிற்றுக்குத்தான் விளைந்தது. ஆனாலும் ஒருவரும் சாகவில்லை. அடுத்த தையில் பானை பொங்கி வழிந்தபோது, களஞ்சியச் சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது.

மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஊர் கூடிக் கொண்டாடும் நாளை வீண் நாள் என்று தடுக்கிறவன் அந்த நாள் காத்து வைத்திருக்கும் சோற்றையே தடுக்கிறான், அவன் ராசாவே ஆனாலும் அந்த ஆணைக்கு அடங்காமல் நிற்பதே தர்மம்.