வாசலில் நின்றவன்

புதுச்சேரியில் மதலேன் டீச்சரிடம் லத்தீன் படித்தவர்களில் இருதயராஜ்தான் மூத்தவர். டீச்சருக்கே அண்ணன் வயது. பழைய ஜெபங்களுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் யார் சொல்லும் காதில் ஏறாது.

அன்று வரும்போதே கொதித்துக்கொண்டுதான் வந்தார்.

"என்ன ஆச்சு, ஐயா?"

"அந்தப் பய ஊருக்கே வந்துட்டான், டீச்சர். என் பொண்ணக் கட்டிக்கிட்டுப் போனவன். எந்த ஊரு, என்ன சனம், ஒண்ணும் தெரியாது. இப்பக் கொழந்தையக் காட்டணுமாம். வாசல்ல வந்து நிக்கிறான். அவ ஆட்டோவ விட்டே எறங்கல. கதவச் சாத்திட்டுப் பின்பக்கமா வந்துட்டேன்."

டீச்சர் பாடத்தைப் பிரித்தார். முதல் வார்த்தை ஹோஸ்டிஸ்.

"எதிரி!" என்றார் இருதயராஜ். "எனக்கு இன்னிக்கு இந்த ஒரு வார்த்தை போதும்."

"ரோமாபுரியில மொதல்ல அதுக்கு வெளியூர்க்காரன்னுதான் அர்த்தம். எதிரிங்கிறது அப்புறம் வந்தது."

"எப்படியோ எதிரி ஆனான்ல?"

"அங்க ஆனான். அதே வேர்லருந்து வந்த வார்த்தை ஜெர்மன்ல காஸ்ட், ரஷ்யன்ல கோஸ்த். ரெண்டுக்கும் விருந்தாளின்னு அர்த்தம்."

இருதயராஜ் மேசையில் ஓங்கி அடித்தார். மைப்புட்டி உருண்டது.

"அதெப்படி? ஒரே ஆளு ஒரு நாட்டுல எதிரி, இன்னொரு நாட்டுல விருந்தாளியா? ரெண்டுல எது சரி? அதச் சொல்லுங்க மொதல்ல!"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இருதயராஜ் ஜன்னல் வழியே பார்த்தார். அவர் இங்கேதான் இருப்பார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மருமகன் கைக்குழந்தையோடு நின்றான். தெருமுனையில் ஆட்டோ நின்றது.

"இங்கயும் வந்துட்டானா! டீச்சர், தொரத்துங்க அவன!"

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் தட்டினாலும் கதவருகே இருப்பவர்தான் எழுந்து திறக்க வேண்டும். டீச்சர் எழமாட்டார். அன்று கதவருகே இருந்தவர் இருதயராஜ்.

"திறங்க, ஐயா."

"முடியாது. அவன் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குக் காது சிவந்தது. "பேச்ச மாத்தாதீங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வந்தவன்ல என்ன வித்தியாசம்? ஏன் ஒருத்தன் எதிரி, ஒருத்தன் விருந்தாளி?"

டீச்சருக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"வந்தவன்ல ஒரு வித்தியாசமும் இல்ல. எல்லா நாட்டுலயும் அவன் வாசல்லதான் நின்னான். அர்த்தம் சொன்னவங்க உள்ள உக்காந்திருந்தவங்க. போங்க, நீங்களும் போய்ச் சொல்லுங்க. சீக்கிரம். கொழந்த வெயில்ல இருக்கு."