கத்தரியப்பன் கடித்த கொடி

குங்கிலியச் சோலையில் கத்தரியப்பன் என்னும் மலையணில் ஒன்று வாழ்ந்தது. செம்பழுப்பு முதுகு, புதர் போன்ற வால், நிற்காமல் வளரும் பற்கள்! கொடிகளை வெட்டுவது அதன் வேலை. அந்த வேலையில் தன்னை மிஞ்ச ஒருவருமில்லை என்பது அதன் எண்ணம். அந்த எண்ணமும் பற்களைப் போலவே நாள்தோறும் வளர்ந்துகொண்டிருந்தது.

கத்தரியப்பன் அந்தச் சோலையில் பிறந்ததன்று. அது கண் திறந்த சில நாள்களிலேயே, ஆற்றுவெள்ளம் அதை ஒரு முறிந்த கிளையோடு அடித்துவந்து அங்கே ஒதுக்கிவிட்டது. அப்போது சோலையில் ஒரு கொடிகூட முளைத்திருக்கவில்லை. யாரேனும் அதை வெளியூரான் என்று சொன்னால் போதும்; "உங்கள் கொடிகளுக்கு முன்பே வந்தவன் நான்!" என்று வாலைச் சிலிர்த்துக்கொள்ளும்.

பிறகு மழை பெய்தது. கொடிகள் முளைத்தன. மரத்துக்கு மரம் தாவிப் பின்னிக்கொண்டன.

அந்தக் கொடிகள் வெறும் அழகுக்கு அல்ல. சோலையின் உயரமான நாவல் மரத்து உச்சியில் காத்தாயி என்னும் கருமந்தி காவல் இருந்தது. கீழே குளத்தில் மான்கள் நீர் அருந்தும். பக்கத்து அருவியின் இரைச்சலில் காத்தாயியின் குரல் அவற்றுக்குக் கேட்காது. ஆகவே, சிறுத்தையைக் கண்டதும் காத்தாயி ஒரு கொடியைப் பிடித்து இழுக்கும். இழுப்பு மரம்விட்டு மரம் ஓடும். குளக்கரை வாகை மரம் குலுங்கும். அதன் காய்ந்த நெற்றுகள் கலகலவென்று ஒலிக்கும். மான்கள் ஓடிவிடும்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால், கொடிகள் மிகுதியாகிவிட்டன! எதை அசைத்தாலும் எல்லாம் அசைந்தது.

ஒரு நாள் சித்திரை என்னும் புள்ளிமான், நான்காம் முறையாகத் தண்ணீர் குடிக்காமல் ஓடிவந்து நாவல் மரத்தடியில் மூச்சிரைக்க நின்றது.

"அக்கா, காத்தாயி அக்கா! சிறுத்தை எந்தப் பக்கம்?"

"சிறுத்தையுமில்லை, சிற்றெறும்புமில்லை!" என்றது காத்தாயி. "முதுகு அரித்தது, சொறிந்துகொண்டேன்!"

"நீங்கள் முதுகு சொறிவதற்கெல்லாம் நாங்கள் ஓடினால், தாகத்திலேயே செத்துப்போவோம் அக்கா!"

அப்போதுதான் கத்தரியப்பன் முன்வந்தது. நாள்தோறும் காலையில் ஒவ்வொரு கொடியின்மீதும் அடியிலிருந்து நுனிவரை நடந்தது. பாசி படிந்திருந்தால், அதை ஒருவரும் பயன்படுத்துவதில்லை என்று பொருள், உடனே கடித்தது. கைபட்டுக் கால்பட்டு மெருகேறியிருந்தால், வணக்கம் சொல்லி விலகிச் சென்றது. 'முதலில் நட, பிறகு கடி' என்பது அது தனக்குத் தானே வகுத்துக்கொண்ட முறை.

சில திங்களில் சோலை தெளிந்தது. காத்தாயி முதுகைச் சொறிந்தால், காத்தாயியின் முதுகு மட்டுமே அசைந்தது. குளத்துக்கு ஒரே ஒரு கொடி சென்றது. அது கண்ணாடி போல மினுமினுத்தது.

ஆண்டுகள் சென்றன. குங்கிலிய மரங்கள் முதிர்ந்தன. அவற்றின் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. அது கொடிகளின்மேல் விழுந்து கட்டிகட்டியாக இறுகியது. பிசின் பட்ட இடத்தில் கொடி விறைத்து, இழுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கத்தரியப்பன் சளைக்கவில்லை. பிசினைப் பல்லால் சுரண்டித் துப்பியது. சோலையே பாராட்டியது. பாராட்டு இனித்தது, பிசின்தான் கசந்தது. அது மீசையில் ஒட்டியது. மூக்கின்மேல் படிந்தது. நாளடைவில், எங்கே முகர்ந்தாலும் கத்தரியப்பனுக்குப் பிசின் மணமே வந்தது.

"இங்கும் பிசின்! அங்கும் பிசின்!" என்று அது கத்தியது. தன் கத்தலைக் கேட்டுத் தனக்கே ஆத்திரம் கூடியது. ஆத்திரத்தில் இன்னும் உரக்கக் கத்தியது.

கொடிகளின்மீது நடந்து பார்க்கும் முறை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு அடியோடு நின்றது. சுரண்டுவதும் நின்றது. மணம் வந்தால் ஒரே கடி!

சித்திரைக்குக் கவலை பிறந்தது. அது அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தது.

"அண்ணா, குளத்துக் கொடியின்மீது மட்டுமாவது நடந்து பாருங்கள். என் குட்டிக்கு இன்னும் கால் உறுதிப்படவில்லை. நெற்று ஒலித்தவுடனே புறப்பட்டால்தான் அதனால் புதருக்குள் போய்ச்சேர முடியும்."

"எனக்கே பாடமா, தங்கச்சி? அந்தக் கொடி நுனியளவாக இருந்த காலத்திலிருந்து அதை எனக்குத் தெரியும்!"

"தெரியும் என்றால் நடந்து பார்க்கக் கூடாதா?"

"நடப்பதெல்லாம் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு. எனக்கு மூக்கே போதும்!"

மறுநாள் பிற்பகலில், நடுச்சோலைப் பலாமரத்தின் கவட்டில் கத்தரியப்பன் மூக்கை நீட்டியது. பிசின் மணம்! அருகிலிருந்த கொடியை ஒரே கடியில் துண்டித்துவிட்டுக் காத்தாயியிடம் பெருமை பேசச் சென்றது.

வெயில் சாய்ந்தது. சித்திரை தன் குட்டியோடு குளத்தில் இறங்கியது. நாணலுக்குள் ஏதோ அசைந்தது. சிறுத்தை!

காத்தாயி பாய்ந்து கொடியை இழுத்தது. கொடி எதிர்ப்பின்றித் தளர்ந்து வந்தது. இழுத்த வேகத்தில் காத்தாயி கிளையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தது.

"கத்தரி! என் கொடிக்கு என்ன ஆயிற்று?"

"பிசின் பிடித்திருந்தது அக்கா. அதனால்தான்..."

"என் கொடியிலா? இன்று காலைகூட என் கை வழுக்கிற்று! நீ நடந்து பார்த்தாயா?"

"மணத்தை வைத்தே..."

"உன் மூக்கைத் தொட்டுப் பாரடா!"

கத்தரியப்பன் தொட்டுப் பார்த்தது. நாவற்கொட்டை அளவில் ஒரு பிசின் கட்டி அங்கே அமர்ந்திருந்தது.

குளத்தைப் பார்த்தது. குட்டி தள்ளாடித் தள்ளாடி நீருக்குக் குனிந்துகொண்டிருந்தது.

"சொன்னதும் இழு அக்கா!"

நான்கே தாவலில் கத்தரியப்பன் பலாமரத்தை அடைந்தது. அறுந்த கொடியின் ஒரு முனை கவட்டில் மாட்டியிருந்தது. மறுமுனை சற்றுக் கீழே, அடுத்த கிளையில் தொங்கியது. இடையில் ஓர் அணிலின் நீளம். பழம் தின்னும்போது பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்குவது மலையணிலின் வழக்கம். கத்தரியப்பன் மேல்முனையைப் பின்னங்கால்களால் இறுகப் பற்றியது; தலைகீழாகத் தொங்கிற்று; கீழ்முனையைப் பற்களால் கவ்விற்று. இப்போது 'இழு' என்று எப்படிச் சொல்வது? வாய் நிறையக் கொடி!

வாலை வேகமாக ஆட்டியது. காத்தாயிக்குப் புரிந்துவிட்டது.

இழுத்தது! கத்தரியப்பனின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கணக்கெடுப்பதுபோல் நெட்டி முறிந்தது. வெட்டியே பழகிய பற்கள் முதன்முதலாக விடாமல் பிடித்துக்கொண்டன. இன்னொரு இழுப்பு! வாகை குலுங்கியது. நெற்றுகள் கலகலவென்று ஒலித்தன.

சித்திரை குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு புதருக்குள் மறைந்தது. சிறுத்தை பாய்ந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அதையே குடித்துவிட்டுப் போயிற்று.

அன்று கத்தரியப்பன் ஆற்றங்கரை மணலில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது. பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு காத்தாயியிடம் வந்தது.

"அக்கா, அறுந்த கொடி ஒட்டுமா?"

"ஒட்டாது. புதியது வளர மூன்று மழைக்காலம் ஆகும்."

"அதுவரை?"

"அதுவரை கொடி நீதான்!"

அன்றிலிருந்து நாள்தோறும் காலையில் கத்தரியப்பன் பழைய முறைப்படி கொடிகளின்மேல் நடந்தது. பிசினை மட்டும் சுரண்டியது. மான்கள் நீர் அருந்தும் வேளைகளில் பலாமரக் கவட்டில் தலைகீழாகத் தொங்கியது. கீழே போகும் சித்திரையின் குட்டி நிமிர்ந்து பார்த்து, "கொடி மாமா, நலமா?" என்று கேட்கும். வாயைத் திறந்தால் கொடி நழுவிவிடும் என்பதால், மாமா வாலை மட்டும் ஆட்டுவார்.

நம் மூளைக்குள்ளும் இத்தகைய கத்தரியப்பன்கள் கோடிக்கணக்கில் உண்டு. அந்த உயிரணுக்களை அறிவியலார் மைக்ரோகிளியா என்பர். அவையும் கருவிலேயே வேறோர் இடத்திலிருந்து வந்து மூளையில் குடியேறியவையே. மூளை வளரும் பருவத்தில் பயன்படாத நரம்பு இணைப்புகளைக் களைந்து அதைச் சீராக்குகின்றன. முதுமையில் நோய்க்கழிவு படியும்போது, துப்புரவு செய்யப் புகுந்து, சில வேளைகளில் நல்ல இணைப்புகளையும் தின்றுவிடுகின்றன.

பழுதை நீக்கப் புறப்படுபவர், அந்தப் பழுது தம் மூக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்பதை முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.